எல்லைச்சாமியும் சூப்பர் ஹீரோவும்: சின்னத்திரை நாயகர் இருவரின் பூர்வீகம்

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசையில் ‘சக்திமான்’ தொடங்கியது. 1990களின் அதே பிற்பகுதியில் சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையின் இரண்டாம் கதையான ‘விடாது கருப்பு’ வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது. முன்னது குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்டது. பின்னதைப் பார்க்கக் கூடாதென்று வீட்டில் விரட்டுவார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் இருந்துகொண்டே பார்ப்பார்கள். இந்திய சூப்பர் ஹீரோவின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் சக்திமானில் ஆரம்பித்து ‘க்ரிஷ்’ வழியாக ‘மின்னல் முரளி’க்குப் போய்விடுவது வழக்கம். விடாது கருப்பு அந்த வரிசையில் வருவதில்லை. மர்மத் தொடர்களின் கணக்கில் அதைச் சேர்த்தாகிவிட்டது. இந்தப் பிரிப்பு சரியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டு தொடர்களும் ஒரே கேள்விக்கு இரு வேறு மண்ணிலிருந்து வந்த பதில்கள். மேலைச் சித்திரக்கதையும் துப்பறியும் கதையும் இவற்றுக்குத் தந்தது ரகசியமான இரட்டை வாழ்க்கையையும் கொஞ்சம் ஆடையலங்காரத்தையும்தான். நாயகனுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அவன் யாருக்குக் கட்டுப்பட்டவன், அவனுடைய எல்லை எதுவரை என்பவற்றுக்கு விடை உள்ளூரிலிருந்துதான் எடுக்கப்பட்டது. இந்தியில் அந்த விடையைத் தந்தது ஞாயிற்றுக்கிழமை இதிகாசத் தொடர். தமிழில் தந்தது ஊருக்கு வெளியே அரிவாளோடு நிற்கும் எல்லைச்சாமி.

சக்திமானின் பின்னணியை முதலில் பார்க்கலாம். தொடரைத் தயாரித்து நாயகனாக நடித்தவர் முகேஷ் கன்னா. இயக்கியவர் தினகர் ஜானி. பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத’த்தில் (1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை) பீஷ்மராக வந்தவர் முகேஷ் கன்னா. தன் தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயரே ‘பீஷ்ம் இன்டர்நேஷனல்’. தொடரின் முதன்மை வில்லன் தம்ராஜ் கில்விஷாக நடித்த சுரேந்திர பால், அதே மகாபாரதத்தில் துரோணர். ஆக, குருக்ஷேத்திரத்தில் ஒரே அணியில் நின்ற இருவர் ஏழு வருடம் கழித்து எதிரெதிரே நின்றார்கள். நடிகர் தேர்வோடு இது முடியவில்லை. சூர்யான்ஷிகள் என்ற துறவியர் கூட்டம், குண்டலினி யோகம், ஏழு சக்கரங்கள், பஞ்சபூதங்கள், நெருப்பில் இறங்கி மறுபிறவியாய் வெளிவருதல் என்று நாயகனின் பிறப்புக் கதை முழுவதும் தவத்தின் மொழியில் அமைந்தது. முற்பிறவியில் மகாபாரதக் காலத்து ஆள் என்ற தொடர்பும் உண்டு. அவனுக்கு வரம் கிடைக்கக் காரணம் அவனே செய்த தவம். வேற்றுக் கிரகத்தில் பிறந்ததாலோ சிலந்தி கடித்ததாலோ வந்த வலிமை அது இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனை யோக மரபுக்கும் தலைவரான மகாகுருவாக நடித்தவர் டாம் ஆல்டர். முசோரியில் பிறந்த, அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்துப் பிள்ளை.

இதெல்லாம் மேல்பூச்சு, உள்ளே இருப்பது சூப்பர்மேன்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பகலில் கண்ணாடி போட்ட அசடாகவும் ஆபத்தில் பறந்து வரும் வீரனாகவும் ஒருவனே இருப்பது கிளார்க் கென்ட்டின் நேரடி வாரிசு. பத்திரிகையில் புகைப்படக்காரனாக வேலை செய்வது ஸ்பைடர்மேனின் பீட்டர் பார்க்கரிடமிருந்து வந்தது. துணிச்சலான பெண் நிருபர் கீதா விஸ்வாஸ், லோயிஸ் லேனின் தங்கை. டாக்டர் ஜாக்கால் என்ற பெயர் எந்த ஆங்கில நாவலை நினைவூட்டுகிறது என்று சொல்லவே வேண்டாம். ஆனால் கடன் வாங்கியவை எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். கங்காதர் என்ற அசட்டு வேடத்தின் முழுப்பெயர் பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. துருத்திய பல்லோடு, சமஸ்கிருதம் கலந்த தூய இந்தி பேசும் ஓர் அப்பாவிப் பண்டிதர் அவர். நாகரிகத்தில் பின்தங்கியவர் என்று அலுவலகமே சிரிக்கும் அந்த ஆளுக்குள்தான் சக்தி இருக்கிறது. கிளார்க் கென்ட் பெருநகரத்துக்கு வந்த கிராமத்துப் பையன். கங்காதர், ஆங்கிலம் பேசும் பம்பாய்க்கு முன் கூனி நிற்கும் பழைய படிப்பு. கேலியின் திசையே மாறிவிட்டது. எதிரியும் அப்படித்தான்: உலகத்தை ஆள ஆசைப்படும் விஞ்ஞானிக்கு மேலே, இருளே நிலைக்கட்டும் என்று முழங்கும் ஒரு தத்துவ உருவத்தைத் தொடர் உட்கார வைத்தது. உடை விஷயமும் கவனிக்கத்தக்கது. முகமூடி இல்லை, முதுகில் பறக்கும் துணியும் இல்லை. கருஞ்சிவப்பு உடையின் நெஞ்சில் பொன்னிறச் சக்கரம். அது ஒரு தேர்ச்சக்கரம் போலவே தோன்றும். உடம்பைப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பும் காட்சி, கைவசமிருந்த தொழில்நுட்பத்துக்குத் தோதான உத்தியும்கூட. ஆள் சுழன்று மங்கலாகிவிட்டால் பறப்பதைத் துல்லியமாகக் காட்டும் கஷ்டம் பாதி குறைந்துவிடும்.

ஒவ்வொரு வாரமும் கதைக்குப் பிறகு வரும் பகுதி என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. கதை முடிந்ததும் நாயகன் நேராகக் குழந்தைகளைப் பார்த்துப் பேசுவான். பல் துலக்குவது, பொய் சொல்லாதிருப்பது, பெரியவர்கள் சொல் கேட்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். தவறு செய்த பிள்ளை ‘சாரி சக்திமான்’ என்று சொல்லும். இதற்கு முன்மாதிரி அமெரிக்காவில் இல்லை, தூர்தர்ஷனிலேயே இருக்கிறது. 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’கின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையில் கவனிக்க வேண்டியதைப் பார்வையாளர்களிடம் பேசுவார். அந்தத் தொடரின் வடிவமே மெக்சிகோவில் மிகேல் சபிதோ வளர்ச்சிப் பிரச்சாரத்துக்காக உருவாக்கிய தொடர்நாடக முறையிலிருந்து வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்ணின் நிலையையும் பேசுவதற்காகக் கொண்டுவந்த ஓர் ஏற்பாடு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பறக்கும் நாயகனின் வாயில் நீதிபோதனையாக வந்து நின்றது. அரசு ஊடகத்தில் ஒரு நாயகன் வெறுமனே சண்டை போட்டுவிட்டுப் போய்விட முடியாது. வகுப்பும் எடுக்க வேண்டும்.

நேரமும் பணமும் இதில் பங்கு வகித்தன. தூர்தர்ஷனில் தயாரிப்பாளரே நேரத்துக்குக் கட்டணம் கட்டி, விளம்பரத்தில் அதை மீட்க வேண்டும். சக்திமான் முதலில் சனிக்கிழமைக் காலையிலும் செவ்வாய் இரவிலும் வந்து, பிறகு ஞாயிறு நண்பகலுக்கு மாறியது. முகேஷ் கன்னா பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கணக்கின்படி, தொடக்கத்தில் ஒரு பகுதிக்கு 3.8 லட்சம் ரூபாயாக இருந்த கட்டணம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியதும் 7.8 லட்சமாகி, பின்னர் 10.8 லட்சத்துக்கு உயர்ந்தது. கட்டணம் ஏறிக்கொண்டே போனதுதான் தொடரை நிறுத்தக் காரணம் என்பது அவர் தரப்பு. 2005 வரை அது ஓடியது. ஞாயிற்றுக்கிழமை என்பது ராமாயணமும் மகாபாரதமும் ஏற்படுத்தி வைத்த நேரம். குளித்துவிட்டு, சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு, தொலைக்காட்சி முன் உட்கார்ந்த பழக்கத்தின் மிச்சம் அந்த நாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. சக்திமான் அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தது.

தொடரைப் பார்த்துச் சில பிள்ளைகள் தங்களைக் காப்பாற்ற அவன் வருவான் என்று நம்பி விபரீதத்தில் இறங்கியதாக அக்காலப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. தயாரிப்புத் தரப்பு அவற்றை மறுத்தது. இருந்தாலும், இதைச் செய்து பார்க்காதீர்கள் என்று நாயகனே திரையில் எச்சரித்தான். 1950களில் சூப்பர்மேன் தொடர் வந்தபோது அமெரிக்காவிலும் இதே கவலை எழுந்தது. எனவே இதை இந்தியக் குழந்தையின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

இனி மதுரைப் பக்கம் வரலாம். 1965 ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக வெடித்த நகரம் இது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அதே நகரத்துப் பிள்ளைகள் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஓர் இந்தித் தொடருக்காக விளையாட்டை விட்டு ஓடி வந்தார்கள். இதைக் கொள்கைத் தோல்வி என்று நினைக்கிறவர்களுக்குச் சக்திமானின் இலக்கணம் புரியவில்லை என்று பொருள். அதைப் பின்தொடர மொழி தேவைப்படவில்லை. நல்லவன், கெட்டவன், சுழற்சி, சண்டை, சாரி. தென்மாவட்டங்களுக்குத் தூர்தர்ஷன் கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து வந்தது. ஆன்டெனாக்கள் மலையைப் பார்த்து நின்றன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியபின் கேபிள் வந்தது. திண்டுக்கல் சாலையில் வைகைக்கு வடக்கே இருக்கும் விளாங்குடியைப் போன்ற இடங்களை இந்தக் காலத்துக்கான நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணையும்வரை அது தனிப் பேரூராட்சி. ஒரு பக்கம் நகரத்துக் கல்லூரி, குடியிருப்புக் காலனி. மறுபக்கம் வயலும் கண்மாயும் கோயில் திடலும். இப்படிப்பட்ட புறநகரத்தில் தொலைக்காட்சி பார்த்தவருக்கு எல்லைச்சாமி பழங்கதை கிடையாது. அதே சமயம் மனநல மருத்துவர் என்றால் யார் என்பதும் தெரியும். விடாது கருப்பு கேட்டது அந்தப் பார்வையாளரைத்தான்.

அதற்கு முன் சிவகாசியைக் கடந்தாக வேண்டும். மதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த அச்சக நகரத்தில் 1972இல் முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பில், சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த அந்த நாயகன் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தொடக்கத்தில் அவன் புத்தி பேதலித்துக் குற்றம் செய்தவன். பிறகுதான் சட்டத்தின் பக்கம் வந்தான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான். அவனும் குற்றவுலகின் மன்னனாக ஆரம்பித்து மனம் மாறியவன். பிரிட்டனில் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்தான்! ஆக, சூப்பர்மேனின் தகப்பன் தமிழ் வாசகனிடம் வந்து சேர்ந்தது அவருடைய உத்தமப் பிள்ளையின் மூலமாக இல்லை, ஒரு போக்கிரியின் மூலமாக. இவர்களோடு வேதாளரையும் சேர்க்க வேண்டும். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய முகமூடி வேதாளர் ஒரு குறிப்பிட்ட காட்டுக்குக் காவல். தலைமுறை தலைமுறையாக வேறு வேறு ஆட்கள் அந்த வேடத்தைப் போட, மக்கள் அவரைச் சாகாதவர் என்று நம்புகிறார்கள். தமிழ் வாசகர் கைவிடாத நாயகர்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. முழு நல்லவனைவிட, அச்சமும் மரியாதையும் ஒருசேரத் தருகிறவனையே அவர் தேர்ந்துகொண்டார். காக்கவும் செய்வான், தப்பு செய்தால் கழுத்தையும் எடுப்பான் என்ற நாயகனை ஏற்க இந்த மண்ணில் தனிப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை.

‘விடாது கருப்பு’வை எழுதியவர் மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் இங்கேயே காலமான இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ நாவலே தொடருக்கு அடிப்படை. இயக்கியவர் நாகா. தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். தொடர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்த மூன்றும் மூன்று கிளைகள். இந்திரா சௌந்தர்ராஜனுக்குப் பின்னால் இருப்பது, பேருந்து நிலையக் கடைகளில் மாதந்தோறும் தொங்கிய மாத நாவல்கள், வார இதழ்த் தொடர்கதைகள் என்ற பெரிய வாசிப்புப் பரப்பு. ஒவ்வோர் அத்தியாயமும் கொக்கியில் முடிய வேண்டும் என்ற கட்டாயத்தை எழுத்தாளருக்குக் கற்றுத்தந்தது அந்தப் பரப்பு. தொலைக்காட்சிக்கு அது அப்படியே பொருந்தியது. பாலசந்தரிடமிருந்து வந்தது நாடகமேடை ஒழுங்கு: பழகிய நட்சத்திரங்களைத் தேடாமல் பாத்திரத்துக்கு ஆள் எடுப்பது. சேத்தனும் தேவதர்ஷினியும் இத்தொடரில் அறியப்பட்டவர்கள். பின்னர் வாழ்க்கையிலும் தம்பதியானார்கள். நாகா கொண்டுவந்தது ஒளிப்பதிவாளரின் கண். குதிரைக் குளம்பொலி முதலில் கேட்கும். கருப்பு பிறகுதான், அதுவும் முழுதாகத் தெரியாமல் வரும். கிராபிக்ஸுக்குப் பணமில்லாத இடத்தில் ஒலியும் இருட்டும் வேலை செய்தன. சக்திமான் மறைக்க வேண்டியதைச் சுழற்றி மறைத்தது. விடாது கருப்பு வெளிச்சத்தைக் குறைத்தே மறைத்தது.

கதையில் ஊரில் குற்றம் செய்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். தண்டிப்பது எல்லையில் நிற்கும் கருப்புசாமி என்று ஊர் நம்புகிறது. நகரத்திலிருந்து வரும் படித்தவர்கள் அதை நம்ப மறுத்து ஆராய்கிறார்கள். இந்தக் கருப்பு எங்கிருந்து வந்தார் என்று அறிய ஆவணக் காப்பகம் தேவையில்லை; மதுரைக்கு வடக்கே இருபது கிலோமீட்டரில் அழகர்கோயில் இருக்கிறது. அங்கே பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை கிடையாது. அடைத்த கதவுக்குத்தான் சந்தனம் சாத்தி மாலை போடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் வழக்கோ திருட்டு வழக்கோ அந்தக் கதவின் முன் சத்தியம் செய்தால் முடிவுக்கு வந்துவிடும். பொய்ச்சத்தியம் செய்தவனைக் கருப்பன் பார்த்துக்கொள்வான் என்பது நம்பிக்கை. சித்திரைத் திருவிழாவுக்காக அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் அணிந்து செல்லும் நகைகளின் பட்டியல் கருப்பன் முன் வாசிக்கப்படுகிறது. திரும்பி வந்ததும் கணக்கு ஒப்படைக்கப்படுகிறது. பெருந்தெய்வமே காவல்தெய்வத்திடம் கணக்குச் சொல்லும் ஏற்பாடு இது. தொடரின் கருப்பு ஒரு கணக்குக் கேட்கும் சாமியாக இருப்பது எழுத்தாளரின் புதுக் கற்பனை என்று நான் நினைக்கவில்லை; அது மதுரை வட்டாரம் நன்கறிந்த அதிகாரம்.

வேடமும் அதே திருவிழாவில் கண்முன் இருக்கிறது. தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில், வேடமிட்டு வழிபடும் அடியார்களை வகைப்படுத்தி விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்: திரியெடுத்து ஆடுகிறவர்கள், சாட்டையடித்து ஆடுகிறவர்கள், தோல் துருத்தியில் நீர் பீய்ச்சுகிறவர்கள். இடுப்பில் கச்சையும் சல்லடமும், தலையில் குல்லாயும், கையில் திரியும். வைகையில் அழகர் இறங்கும் நாளில் இந்த உடையோடு ஆயிரக்கணக்கானவர்கள் நகர வீதிகளில் நடப்பார்கள். மறுநாள் அவர்கள் கடைக்காரர், ஓட்டுநர், விவசாயி. ஊர்க்கோயில் சாமியாடியின் நிலையும் இதுதான். சாமி இறங்கியதும் அவர் அரிவாளில் ஏறி நிற்பார், ஊரைத் திட்டுவார், குறி சொல்வார். தினமும் அவரை மச்சான் என்று அழைக்கிறவனும் அந்த நேரத்தில் ‘சாமி’ என்றே கும்பிடுவான். சாமி மலையேறியதும் சோர்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். காலையில் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விடுவார்.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சூப்பர் ஹீரோ மரபில் இரட்டை வாழ்க்கை ரகசியமாக இருந்தாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் கதை முடிந்துவிடும். சாமியாடியின் இரட்டை வாழ்க்கை ஊரறிந்தது. இன்னார்தான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் இன்னார் இல்லை. விடாது கருப்பு செய்த ஒரே பெரிய மாற்றம், ஊரறிந்த இந்த இரட்டைத்தன்மையை ரகசியமாக்கியது. கருப்பாக வருவது யார் என்ற கேள்வியைப் போட்டதும் சாமியாட்டம் துப்பறியும் கதையாகிவிட்டது. சாமியாடி முகமூடி வீரனாகிவிட்டார். மேலைக் கதைமரபிலிருந்து தமிழ்த் தொடர் எடுத்துக்கொண்டது ஒரு பூட்டு. அதைப் பூட்டிய வீடு நம்முடையது.

மர்மக் கதையை இழுத்துவந்து சூப்பர் ஹீரோக் கதையாக்குவது வலிந்து பொருள் கொள்வதாகாதா என்று கேட்பார்கள். பீட்டர் கூகன் 2006இல் வெளியிட்ட நூலில் சூப்பர் ஹீரோவுக்கு மூன்று இலக்கணம் சொல்கிறார்: தன்னலமற்ற நோக்கம், அசாதாரண ஆற்றல், வேடமும் பெயரும் சேர்ந்த அடையாளம். நோக்கமும் அடையாளமும் கருப்புக்கு ஐயமில்லாமல் பொருந்தும். ஆற்றல்தான் சிக்கல், இறுதியில் ஊரின் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஒருவனுக்குள் இருக்கும் பிளவுபட்ட ஆளுமைதான் கருப்பாக வெளிப்படுகிறது என்று மருத்துவ விளக்கம் வருகிறது. ஆனால் பேட்மேனுக்கும் பிறவி ஆற்றல் கிடையாது. அவரை யாரும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அப்படியானால் கருப்பு தமிழ்ப் பேட்மேன்தானா என்றால் அதுவும் இல்லை. பேட்மேன் யோசித்து முடிவெடுத்து முகமூடியைத் தேர்ந்துகொள்கிறார். இங்கே வேடம்தான் ஆளைத் தேர்ந்துகொள்கிறது. போட்டவனுக்கே அது தெரியாது. பேட்மேனிடம் இருக்கும் தனிமனித விருப்பம் இவனிடம் இல்லை. ஊரின் நம்பிக்கை, குடும்பத்தின் பழி, சிறுவயதில் பட்ட காயம் எல்லாம் சேர்ந்து அவன்மேல் இறங்குகின்றன. சாமி இறங்குதலின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு மனநோய் என்ற பெயரை மட்டும் தொடர் மாற்றி வைத்தது.

பெயர் மாற்றம் ஏன் தேவைப்பட்டது? பகுத்தறிவு இயக்கம் ஆழ வேரூன்றிய மாநிலத்தில், வெறும் சாமி மகிமைத் தொடரை நகரத்துப் படித்த பார்வையாளர் கேலி செய்திருப்பார். வெறும் மருத்துவ விளக்கமாக எடுத்திருந்தால் கிராமத்துப் பார்வையாளருக்கு உப்புச் சப்பில்லாமல் போயிருக்கும். இரண்டையும் அருகருகே நிற்க வைத்து, யாரையும் முழுதாகத் தோற்கடிக்காமல் விடுவது இந்திரா சௌந்தர்ராஜனின் கைவந்த கலை. சிலர் இதைச் சமரசம் என்பார்கள். எனக்கு அது ஒரு துல்லியமான சமூகக் கணிப்பாகப் படுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சக்திமானின் ஆற்றல் தவத்தில் வந்தது என்பதால் அவன் நானூறு பகுதிகளைத் தாண்டியும் பறக்க முடிந்தது. கருப்பின் ஆற்றலை நோய் என்று சொன்ன பிறகு, அடுத்த வாரம் அவன் குதிரையேறுவதற்கு வழியில்லை. தமிழ்ச் சின்னத்திரையின் அந்த நாயகன் தன் முதல் வழக்கோடு ஓய்வு பெற்றுவிட்டான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழில் இந்த வகை வேரூன்றியிருந்தால் அதற்குப் பின் ஏன் சின்னத்திரையில் வரிசையாக நாயகர்கள் வரவில்லை? காரணம் கதையில் இல்லை, தயாரிப்பு முறையில் இருக்கிறது. 1999 டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கியது. தினசரி மெகா தொடர்களின் காலம் பிறந்தது. வாரத்துக்கு ஒரு பகுதி என்றால் வெளியூர் போய்ப் படம்பிடிக்கலாம், இரவுக்காகக் காத்திருக்கலாம், குதிரையைப் பழக்கலாம். வாரத்துக்கு ஐந்து பகுதி என்றால் வீட்டுக்கூடமும் மாடிப்படியும் சமையலறையும்தான். குழந்தைகளின் பங்குக்கு 2004இல் ‘மை டியர் பூதம்’ வந்தது. அதில் வந்தது நாயகன் அல்ல, குறும்புக்காரப் பூதம். பிறகு சுட்டி டிவியில் மொழிமாற்றம் செய்த வெளிநாட்டு வீரர்கள் வந்து அந்த இடத்தை நிரப்பினார்கள்.

கருப்பு ஒளிந்துகொண்ட இடம் சினிமா. 1956இல் எம்.ஜி.ஆர். ‘மதுரை வீர’னாக வந்த காலம் தொட்டே, காவல்தெய்வத்தின் இடத்தில் நட்சத்திரத்தை உட்கார வைக்கத் தமிழ் சினிமாவுக்குத் தெரியும். 2005இல் ஷங்கரின் ‘அந்நியன்’, பிளவுண்ட ஆளுமை கருடபுராணத் தண்டனை தருவதாக அமைந்தது. ஐந்து ஆண்டு கழித்து நாகாவின் ‘அனந்தபுரத்து வீடு’ படத்தைத் தயாரித்தவரும் ஷங்கர்தான். இதிலிருந்து யார் யாரிடம் எடுத்தார் என்று தீர்ப்பு எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டும் ஒரே கிணற்றில் இறைத்த தண்ணீர் என்றால் போதும். 2009இல் ‘கந்தசாமி’யின் நாயகன் சேவல் வேடத்தில் வந்து, முருகன் கோயில் மரத்தில் பக்தர்கள் கட்டிய கோரிக்கைச் சீட்டுகளை நிறைவேற்றினான், தெய்வத்தின் பதிலாளாகத்தான் அவனுக்கு மதிப்பு. தெய்வத் தொடர்பே இல்லாமல், மேலை இலக்கணத்தோடு 2012இல் வந்த ‘முகமூடி’யை மக்கள் ஏற்கவில்லை. 2023இல் வந்த ‘வீரன்’ எல்லாவற்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. மின்னல் தாக்கி ஆற்றல் பெற்ற இளைஞன், ஊரைக் காப்பாற்ற ஊர்த்தெய்வமான வீரனின் கோலத்தையே பூண்டுகொள்கிறான். ஒரு படம் ஓடாமல் போக நூறு காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இத்தனை படங்களில் நாயகர்கள் திரும்பத் திரும்ப ஒரே கோயில் வாசலில் வந்து நிற்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

சக்திமானின் பின்கதைகளை அதன் நாயகனே பேட்டிகளில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்; 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் அதை மறுஒளிபரப்பும் செய்தது. விடாது கருப்பின் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் இப்போது இல்லை. குதிரையை எங்கே பிடித்தார்கள், கருப்பின் உடையை யார் தைத்தார்கள், எந்த ஊர்ச் சாமியாடியைப் பார்த்து அந்த நடையைப் பழகினார்கள் என்பதெல்லாம் தொடரில் வேலை செய்தவர்களின் நினைவில்தான் இருக்கும். மதுரைக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளும் தமிழ்த் துறைகளும் தங்கள் மாணவர்களை அனுப்பி அந்த நினைவுகளைப் பதிவுசெய்யட்டும். திரைக்கதைப் படிகள் யார் வீட்டுப் பரணில் கிடந்தாலும் கேட்டு வாங்கிப் படியெடுத்து வைக்கட்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.